பிடி வைக்காத உடுப்பு

இந்தக் கட்டுரையில் அவருடைய பெயர் வராது. நான் மறந்துபோகவில்லை. மரியாதைக்காக மறைக்கவுமில்லை. பெயரைப் போடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார், அதையும் ஒரு தண்டனையாகத்தான் சொன்னார். ஆகவே அக்கா என்று எழுதுகிறேன். வாசிப்பவர்கள் அந்தச் சொல்லில் பாசத்தைத் தேடவேண்டாம். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் அவருடைய வீடு. முன்னறையில் தையல் மெசின். மெசின்மேல் எப்போதும் இரண்டு கத்தரிக்கோல்கள் கிடக்கும். கறுப்பு துணிக்கு, சிவப்பு கடதாசிக்கு. கறுப்பால் யாராவது கடதாசியை வெட்டினால் அன்றோடு அந்த ஆளின் கதை முடிந்தது. இது தெரியாமல் ஒருநாள் நான் கறுப்பை எடுத்து ஒரு கடித உறையின் வாயை வெட்டிவிட்டேன். அக்கா கத்தரிக்கோலை வாங்கித் துணியால் துடைத்து வைத்தார். அடுத்த கிழமை அவர் தைத்துத் தந்த சேலைச் சட்டையில் நடுக் கொளுக்கி இல்லை.

"அக்கா, ஒரு கொளுக்கி குறையுது."

"ஓம். அண்டைக்கு என்ரை கத்தரிக்கோலுக்கும் கொஞ்சம் கூர் குறைஞ்சது."

அவ்வளவுதான். சத்தம் இல்லை, சண்டை இல்லை. நான் வீட்டுக்கு வந்து நானே கொளுக்கி தைத்துக்கொண்டேன். அவரிடம் பழகிய பதினொரு வருடத்தில் அவர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் அது உடுப்பில்தான் தெரியும்.

நான் சுன்னாகத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலை பார்த்தேன். எங்கள் அச்சகமே சிறுவர்களுக்கு ஒரு மாத இதழ் வெளியிட்டது. அதில் இரண்டு பக்கச் சித்திரக்கதை என் பொறுப்பு. எனக்கு முகம் வரையவரும், கை வரையவரும். துணி மட்டும் வரையவராது. நான் வரைந்த ஆட்களைப் பார்த்தால் சீமெந்து பூசிவிட்டதுபோல இருப்பார்கள். அக்காவை நான் முதலில் கண்டது சட்டை தைக்கக் கொடுக்கப் போனபோது. காத்திருந்த நேரத்தில் மடியில் தாளை வைத்து வரைந்துகொண்டிருந்தேன். அவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி எட்டிப்பார்த்தார்.

"உவள் உந்தச் சட்டைக்குள்ளை எப்பிடிப் புகுந்தவள்?"

"ஆர் அக்கா?"

"உந்தப் பெட்டை. தலை போறதுக்கு வழியைக் காணேல்லை. பொத்தான் இல்லை, சிப் இல்லை. பிறக்கேக்கையே உதோடை பிறந்தவளோ?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. நான் வரைந்துகொண்டிருந்தது ஒரு புதிய நாயகியை. பெயர் சுனையாள். கீரிமலையில் பெண்கள் குளிக்கும் கேணியில் முங்கியவள் எழும்பவே இல்லை. மூன்று நாள் கழித்து வேறோர் ஊரின் தோட்டக் கிணற்றில் எழும்புகிறாள். குடாநாட்டுக் கிணறுகள் எல்லாம் அடியில் ஒன்றோடொன்று தொடுத்தவை என்று ஊரில் சொல்வார்களே, அதை வைத்துப் பின்னிய கதை. எங்கே அநியாயம் நடக்கிறதோ அந்த வீட்டுக் கிணற்றிலிருந்து சுனையாள் எழும்பி வருவாள். நான் அவளுக்கு மினுங்குகிற இறுக்கமான உடுப்பும் முதுகில் நீளமான போர்வையும் போட்டிருந்தேன்.

அக்கா கதையைக் கேட்டார். பிறகு சிவப்புக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஈரத்தோடை கிணத்தாலை வாறவளுக்குப் போர்வை எதுக்கு? கப்பிக் கயித்திலை சிக்குப்பட்டுச் செத்துப்போவாள்."

போர்வை போயிற்று. இறுக்கமும் போயிற்று. முழங்காலுக்குக் கீழே வருகிற தொளதொளத்த காற்சட்டை, தோளில் பொத்தான் வைத்த சட்டை, மூடி வைத்த பெரிய பொக்கற். "பொக்கற் இல்லாமல் ஒரு பொம்பிளை ஊருக்கு என்ன நல்லது செய்வாள்?" என்றார். நிறம் செம்பாட்டு மண்ணின் நிறம். ஊத்தை தெரியாது. ஒரு மணித்தியாலத்தில் என் சுனையாள் நடமாடத் தொடங்கிவிட்டாள்.

அவர் வேலை செய்யும் முறை இதுதான். எந்த உடுப்பையும் தாளில் வரைந்து பார்த்து ஒப்புக்கொள்ளமாட்டார். முதலில் ஒரு கடதாசிப் பாவைப்பிள்ளை வெட்டுவார். பிறகு அதற்கு உடுப்பைத் தனியாக வெட்டுவார். உடுப்பின் தோளிலும் இடுப்பிலும் சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பின்பக்கம் மடித்துவிட்டால் உடுப்பு பாவையில் நிற்கும். அந்தத் துண்டுகளைப் பிடி என்பார். உடுப்புப் போட்ட பாவையை மேசையில் நிறுத்தி மின்விசிறியைப் போடுவார். காற்றுக்கு உடுப்பு நின்றால் நான் அதை வரையலாம். விழுந்தால் திரும்பவும் வெட்டவேண்டும்.

பாவை வெட்டுவது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம். போர்க்காலத் தடையால் குடாநாட்டுக்குள் தாளே வராத காலத்தில் அவர் பழைய கலண்டர் மட்டையிலும் சவர்க்காரப் பெட்டியிலும் பாவை வெட்டியிருக்கிறார். இடம்பெயர்ந்து வேறோர் ஊரில் ஒருவர் வீட்டு விறாந்தையில் இருந்தார்களாம். அந்த வீட்டு அம்மா, இவர்கள் கிணற்றுத் தண்ணீரை அதிகம் அள்ளுகிறார்கள் என்று வாளியை எண்ணிக்கொண்டு நிற்பாராம். சிறுமியாக இருந்த அக்கா அந்த அம்மாவை அச்சொட்டாக ஒரு பாவையாக வெட்டினார். ஐந்து சேலை வரைந்தார். ஒன்றுக்கும் பிடி வைக்கவில்லை.

"போட்டால் விழும். போட்டால் விழும். ஒரு மாதம் அவவை உடுப்பில்லாமல் வைச்சிருந்தன்" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கே கவனித்திருக்கவேண்டும். நான்தான் மற்றவர்களுக்கு நடக்கிறது எனக்கு நடக்காது என்று நினைக்கிற ஆள் ஆயிற்றே.

சுனையாளோடு அக்காவுக்கு ஒரு புதிய வசதி கிடைத்தது. நாயகி இருந்தால் எதிராளிகள் வேண்டும். எதிராளிகளுக்கும் உடுப்பு வேண்டும். முதலாவது எதிராளி கதியாலன் என்பவன். வேலிக்கு நடுகிற கதியால் தடிகளைத் தோளில் சுமந்துகொண்டு போய், அடுத்தவன் காணிக்குள் தள்ளித் தள்ளி நட்டுவிடுவான். கதை என்னுடையது. ஆனால் அந்த யோசனையை என் காதில் போட்டவர் அக்கா. அவருடைய பக்கத்து வளவுக்காரர் வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் நாலு விரற்கடை இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். அக்கா அவரோடு ஒருநாளும் வாய்கொடுத்ததில்லை.

கதியாலனுக்கு அவர் போட்ட உடுப்பு, மடித்துக் கட்டிய சாறமும் ஒரு பெனியனும். பெனியனின் இடது கக்கத்தில் ஒரு கிழிசல். கிழிசலைப் பச்சை நூலால் தைத்திருந்தது. நிஜத்தில் அந்தக் கிழிசலைப் பச்சை நூலால் தைத்தவரே அக்காதான். வளவுக்காரரின் மனைவி தைக்கக் கொண்டுவந்து கொடுத்த பெனியன் அது. இதழ் வெளிவந்த மூன்றாம் நாள் நான் அக்கா வீட்டில் இருந்தேன். வளவுக்காரர் இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ரை பேத்தி காட்டினவள். உந்தப் பெனியன் என்ரை எல்லோ?"

அக்கா மெசினை நிறுத்தவில்லை. "அப்ப வேலியும் உங்கடையோ அண்ணை?"

அவர் தன் பெனியனைக் குனிந்து பார்த்தார். பிறகு இதழைப் படலையில் செருகிவிட்டுப் போனார். அடுத்தமுறை வேலி அடைத்தபோது கதியால்கள் தம்பாட்டில் பழைய இடத்துக்குப் போய்விட்டன. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை, பச்சை நூலைச் சுற்றி எடுத்து உள்ளே வைத்தார்.

"மன்னிச்சுவிட்டிருக்கலாமே அக்கா" என்று ஒருமுறை கேட்டேன். வேறொரு சங்கதிக்காக.

"மன்னிக்கிறது கோயிலுக்கை இருக்கிறவையின்ரை வேலை. நான் தையல்காரி. எனக்கு அளவுதான் தெரியும்."

சுனையாள் வளர்ந்தாள். பள்ளிக்கூடங்களில் வினோத உடைப் போட்டி வந்தால் நாலு பிள்ளையாவது செம்பாட்டுக் காற்சட்டையோடு மேடையேறும். தாய்மார் அந்த உடுப்பைத் தைக்க அக்காவிடம்தான் போனார்கள். தங்கள் பிள்ளைக்குத் தைத்துக்கொடுக்கிறவரே அதை உருவாக்கியவர் என்று ஒருவருக்கும் தெரியாது. இதழில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. இதழில் இடம் இல்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். புத்தகமாக வரும்போது போடுவோம் என்று அவரிடமும் சொன்னேன்.

"போடுவியோ?" என்று கேட்டார்.

"கட்டாயம் அக்கா."

"கடதாசியிலை ஒருக்கால் என்ரை பேரைப் பாக்கவேணும் எண்டு ஆசை" என்றார். அவர் ஆசை என்று ஒரு சொல் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

புத்தகம் வந்தது. கனடாவிலிருந்து ஒருவர் உதவி செய்தார். முதற்பக்கத்தை நான் என் கையாலேயே வடிவமைத்தேன். உடைகள் என்று போட்டு அவருடைய பெயரையும் போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று பலரிடம் பல காரணம் சொல்லியிருக்கிறேன். பக்கம் ஒருபக்கம் சாய்ந்ததுபோல இருந்தது, எழுத்துரு ஒத்துவரவில்லை, அவசரம். எல்லாம் பொய். என் பெயர் தனியாக நிற்கும்போது வடிவாக இருந்தது. அவ்வளவுதான் உண்மை.

வெளியீட்டு விழா யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் பச்சைச் சேலை கட்டியிருந்தேன். சட்டை அக்கா தைத்தது. என் வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் தாழ்ந்தது. பிறவியிலேயே அப்படி. அது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும், ஏனென்றால் நான் போட்ட ஒவ்வொரு சட்டையிலும் வலது தோளுக்குள் மெல்லியதாய் ஒரு துணி மடிப்பு வைத்து அதைச் சமப்படுத்திக்கொண்டிருந்தவர் அவர். மேடையில் நான் நிமிர்ந்து நின்றேன். கனடாக்காரர் ஒலிவாங்கியில் கேட்டார்.

"எல்லாரும் சுனையாளின்ரை உடுப்பைப் பற்றித்தான் கதைக்கினம். அதுவும் உங்கடை கற்பனையோ?"

அக்கா மூன்றாவது வரிசையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முதற்பக்கம் விரித்திருந்தது.

"ஓம்" என்றேன்.

மண்டபம் கைதட்டியது. அக்காவும் கைதட்டினார், எல்லோரும் நிறுத்திய பிறகும் இன்னும் இரண்டு தட்டு.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் வழமைபோலப் பாவை வெட்டினார். எனக்குச் சட்டை தைத்தார். கொளுக்கி எல்லாம் சரியாக இருந்தது. கோபமில்லை போலும் என்று நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கையை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையவேண்டும்போல இருக்கிறது.

வாசிப்பு மாதம் வந்தது. எங்கள் பக்கத்து நூலகம் ஒன்றில் சிறுவர் விழா. வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சுனையாள் பாவைத் தாள் கொடுப்பது என்று முடிவு. பாவையையும் உடுப்புகளையும் பிள்ளைகளே வெட்டி உடுத்திப் பார்க்கலாம்.

"தாள் என்ரை பொறுப்பு. நீ உன்ரை பேச்சை ஆயத்தப்படுத்து" என்றார் அக்கா. நான் பேச்சை ஆயத்தப்படுத்தினேன்.

விழாவன்று காலையில் அவர் பிறிஸ்ரல் மட்டையில் பிரதி எடுத்த தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து நூலகரிடம் கொடுத்தார். நான் மேடையில் இருந்ததால் பார்க்கவில்லை. பேசி முடித்து இறங்கியபோது பிள்ளைகள் நிலத்தில் குந்தியிருந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாளை எடுத்தேன். மேலே பெரிய எழுத்தில், "எங்கடை எழுத்தாளரை உடுத்திப் பார்ப்போம்." கீழே நான்.

வெள்ளைச் சட்டையும் உள்பாவாடையுமாக நான். கண்ணாடி, நாடி மச்சம், எல்லாம் அச்சொட்டு. வலது தோள் அரை அங்குலம் கீழே. பக்கத்தில் நாலு உடுப்பு. வெளியீட்டு விழாப் பச்சைச் சேலை, அச்சகத்துக்குப் போடும் சட்டை, பத்திரிகைப் பேட்டிக்குக் கட்டிய நீலச் சேலை, கடைசியில் சுனையாளின் செம்பாட்டு உடுப்பு. அந்த அழகான உடுப்பு ஒன்றுக்கும் பிடி இல்லை. தோளில் இல்லை, இடுப்பில் இல்லை.

இருநூறு பிள்ளைகள் என்னை நிமிர்த்தி உடுப்பை வைத்தார்கள். இருநூறு உடுப்பும் விழுந்தன. ஒரு சின்னப் பெண் எழும்பி வந்தாள்.

"அன்ரி, உங்களுக்கு ஒரு உடுப்பும் நிக்குதில்லை."

மூலையில் புத்தக அலுமாரிக்குப் பக்கத்திலிருந்து அக்கா பதில் சொன்னார். "அது அவவின்ரை உடுப்பில்லைப் பிள்ளை. இரவல்."

"ஆரின்ரை?"

அக்கா என்னைப் பார்த்தார். நூலகர் பார்த்தார், தாய்மார் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இவ்வளவு சனத்துக்கு முன்னால் என்னை உள்பாவாடையோடு நிறுத்தியவருக்கு நான் ஏன் பேர் வாங்கிக்கொடுக்கவேண்டும்?

"மேசையிலை பசை இருக்கு. ஒட்டிவிடுங்கோ" என்றேன்.

பிள்ளைகள் பசைக்கு ஓடினார்கள். அக்கா சத்தமில்லாமல் சிரித்தார். "ஒட்டு, ஒட்டு. ஒட்டினால் பிறகு கழட்டேலாது, கவனம்" என்று யாருக்கென்று இல்லாமல் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதோடு எனக்குத் தைப்பதை நிறுத்திவிட்டார். இப்போது வேறு ஆள் தைக்கிறார். நன்றாகத்தான் தைக்கிறார், ஆனால் தோள் விவகாரத்தைச் சொல்ல எனக்கு வெட்கம். ஆகவே என் வலது தோள் ஊருக்கே தெரியும். சுனையாளும் அவர் இல்லாமல் திரும்பவும் சீமெந்து பூசியவளாகிவிட்டாள். நாலு இதழோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் பதிப்புக்குப் பேச்சு வந்தபோது, ஒரு வருடத்துக்குமேல் ஆகியிருந்தது. முதற்பக்கத்தில் அவருடைய பெயரை என் பெயருக்குச் சமமான எழுத்தில் போட்டுப் புரூப் எடுத்துக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் போனேன். பெருந்தன்மை என்று சொல்லமாட்டேன். மேடையில் ஓம் என்று அந்த ஒரு சொல்லைச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியாக நித்திரை இல்லை. கணக்கைத் தீர்த்துவிட்டுக் காலை நீட்டிப் படுக்கவேண்டும் என்று போனேன்.

முன்னறையில் பெட்டிகள் கட்டிக்கிடந்தன. திருகோணமலையில் இருக்கும் தங்கையோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். தேத்தண்ணி தந்தார். புரூப் தாளை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். தன் பெயரை விரலால் ஒருமுறை தடவினார். எனக்கு நெஞ்சு இளகியது.

பிறகு மெசின் பக்கம் கையை நீட்டினார். கறுப்புக் கத்தரிக்கோலை எடுத்தார்.

அவர் கையால் அது கடதாசியைத் தொட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். நாலு வெட்டு. அவருடைய பெயர் ஒரு சின்ன நீள்சதுரமாகக் கழன்று என் கையில் வந்தது. பக்கத்தில் ஓட்டை.

"உதுக்குப் பிடி வைக்கேல்லை. எங்கை கொளுவப் போறாய்?"

"அக்கா, நீங்கள்தானே ஆசை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம், ஆசைதான். இண்டைக்குப் பாத்திட்டன். காணும்." தாளை மடித்து என்னிடம் தந்தார். "உடைகள் எண்டு போட்டு, இடத்தை வெறுமையாய் விட்டு அச்சடி. கேக்கிற ஆக்களுக்கு நீயே வாயாலை சொல்லு, ஏன் பேர் இல்லை எண்டு. என்ரை பேரைப் போட்டு நீ நல்லவளாகப் பாக்கிறாய். விடமாட்டன்."

"எத்தினை காலத்துக்கு அக்கா?"

"புத்தகம் கிழியுமட்டும்."

அப்படியே அச்சடித்தேன். வேறென்ன செய்வது? எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் ஒரு பிள்ளை எழும்பும். "அன்ரி, இதிலை உடைகள் எண்டு கிடக்கு, பேரைக் காணேல்லை." நான் ஒவ்வொருமுறையும் முதலிலிருந்து சொல்லவேண்டும். மேடையில் ஓம் என்றதையும் சொல்லவேண்டும், பசையையும் சொல்லவேண்டும். பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள். ஆசிரியர்கள் என் தோளைப் பார்ப்பார்கள்.

போன மாதம் திருகோணமலையிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். எங்கள் வலிகாமத்துப் பக்கமிருந்து யார் போனாலும் அக்கா கேட்பாராம். "உவள் என்னைப் பற்றி ஏதும் எழுதினவளோ?"

எழுதிவிட்டேன் அக்கா. பெயர் போடவில்லை, நீங்கள் சொன்னபடி. ஆனால் ஒழுங்கையைப் போட்டிருக்கிறேன், இரண்டு கத்தரிக்கோலையும் போட்டிருக்கிறேன். நடுக் கொளுக்கி, பச்சை நூல், கதியால் வேலி, மின்விசிறி, எல்லாவற்றையும் பிடி வைத்தே வெட்டியிருக்கிறேன். இதைச் சந்தியில் நின்று யாரும் உரத்து வாசிக்கட்டும். வேலிக் கதை வரைக்கும் போகத் தேவையில்லை. கத்தரிக்கோலிலேயே உங்கள் பெயரைப் பத்துப் பேர் சொல்லிவிடுவார்கள். அதை உங்களால் வெட்டி எடுக்கமுடியாது. முடியுமென்றால் கறுப்பை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள், பார்ப்போம்.

வரும்போது அளவு நாடாவையும் கொண்டுவாருங்கள்.